அடுப்புப் பரணில் ஒரு கேமரா

அக்காவின் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் எஸ்டேட் கோயிலுக்குள் படம் எடுத்தது நான் ஒருத்திதான். மற்றவர்கள் போனைத் தூக்கியபோது, குறுக்கே கை வருகிறது, இறக்குங்கள் என்று நானே சொல்லிவிட்டேன். சின்னக்கானலில் ஒரு ரிசார்ட்டின் வரவேற்பு மேஜையில் வேலைக்குச் சேர்ந்து, என் சம்பளத்தில் வாங்கிய கேமரா அது. யாரோ பயன்படுத்திய பழையது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், ஆனால் நல்ல கேமரா. அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. அக்கா பாதியில் நின்றுவிட்டாள். கல்லூரி வரை போனது நான்தான். அந்தக் கேமராவின் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவள் என்ற பெருமையையும் சேர்த்துக்கொள்கிறேன்.

அக்காவின் கணவர் வளைகுடாவில் ஒரு சமையற்கூடத்தில் வேலை பார்க்கிறார். குழந்தை பிறப்பதற்கு முன்பே போனவர். விடுமுறை கேட்டுக் கிடைக்கவில்லை. தினமும் வீடியோவில் கூப்பிடுவார். எஸ்டேட் குடியிருப்பு வரிசையான எங்கள் லயத்தில் வீடியோ ஓடும் அளவுக்கு நெட்வொர்க் கிடைப்பது தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் மட்டும்தான், அதுவும் மூடுபனி இறங்கினால் இல்லை. அவர் இதுவரை பார்த்ததெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து, ஒரு பக்கம் உறைந்து நிற்கும் குழந்தையைத்தான். அதனால் அக்காவிடம் அவர் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்: ஞானஸ்நானப் படங்கள் தெளிவாக வேண்டும். பெரிதாக்கிப் பார்க்கிற மாதிரி வேண்டும்.

அக்கா முதலில் சூரியநெல்லி ஸ்டுடியோக்காரரைத்தான் நினைத்தாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவளுடைய கல்யாண ஆல்பம் பெட்டிக்குள் இருக்கிறது. ஒவ்வொரு முகத்திலும் அரிசி மாவைப் பூசி வைத்த மாதிரி வெளுப்பாக்கியிருப்பார்கள். அம்மா அதில் தன் படத்தைக் காட்டி, "இது யாரு, மாப்ள வீட்டுக்காரங்களா?" என்று உண்மையாகவே கேட்டாள். அதைச் சொல்லித்தான் அக்காவைச் சம்மதிக்க வைத்தேன். குழந்தையின் நிறத்தை யாரும் தொடக் கூடாது, நான் எடுக்கிறேன், என்னிடம் விடு என்றேன்.

கோயிலுக்குள் எடுப்பது லேசான காரியமில்லை. மழைக்காலத்தில் பகலிலும் உள்ளே இருட்டு. ஞானஸ்நானத் தொட்டிக்குப் பின்னால் மட்டும் ஒரு பெரிய ஜன்னல், அதில் வெள்ளை வெளேரென்று மூடுபனி. குழந்தைக்கு வெள்ளை உடுப்பு, எங்கள் முகங்கள் கறுப்பு. சாதாரணமாக எடுத்தால் உடுப்பு சரியாக விழும்போது முகம் கரியாகிவிடும், முகம் தெரியும்போது உடுப்பு வெளுத்துப் போய்விடும். அதனால் கேமராவை ரா என்கிற அமைப்பில் வைத்து எடுத்தேன். அதில் மட்டும். கேமரா தன் இஷ்டத்துக்கு வெளுப்பாக்கிச் சுருக்கித் தருவதுதான் நாம் வழக்கமாகப் பார்க்கும் படம். ரா என்றால் வெளிச்சம் உள்ளே வந்தபடியே இருக்கும். இருட்டில் இருப்பதையும் பிறகு வெளியே எடுக்கலாம். ஆனால் அப்படியே யாருக்கும் அனுப்ப முடியாது. போனில் ஒரு செயலியில் திறந்து நாமே பதப்படுத்த வேண்டும்.

கோயிலிலிருந்து வந்ததும் அம்மா படத்தைக் காட்டு என்றாள். இப்போது காட்ட முடியாது என்று சொன்னதற்கு அவள் முகம் சுருங்கியது. அவளுக்குப் புரியட்டும் என்று, கேமராவுக்குள் இருப்பது நீங்கள் பறிக்கிற கொழுந்து மாதிரி, நாம் குடிக்கிற தூள் மாதிரி இல்லை, இனிமேல்தான் அதைத் தூளாக்க வேண்டும் என்றேன். அம்மாவின் வாழ்நாளில் பாதி கொழுந்து பறிப்பதில் போயிருக்கிறது. நன்றாகப் புரிந்துவிட்டதாகத் தலையாட்டினாள். எனக்கும் அந்த விளக்கம் பிடித்திருந்தது.

அன்று சாயங்காலமே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேமராவையும் போனையும் இணைத்துப் பார்த்தேன். இணைந்தது. ஆனால் கேமராக்காரர்கள் கொடுத்திருந்த செயலி, இந்த வகைப் படங்களை அனுப்ப முடியாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டது. கையேட்டில் அந்த வரி இருந்ததா என்று போய்ப் பார்த்தேன். இருந்தது, சின்ன எழுத்தில். அக்காவிடம் கவலைப்படாதே என்றேன். மறுநாள் வேலை முடிந்து வரும்போது கேமராவின் மெமரி அட்டையைப் போனில் மாட்டுகிற ரீடர் ஒன்று வாங்கி வந்தால் போதும்.

திங்கட்கிழமை முழுக்க மழை. ரிசார்ட்டில் வேலை முடியத் தாமதமானது, ஜீப் ஓடும் பாதையில் மரம் விழுந்ததால் கடைத்தெரு வழியாக வர முடியவில்லை. ரீடர் இல்லாமல்தான் வீடு வந்தேன். கதவைத் திறந்ததும் பிளாஸ்டிக் கருகிய வாடை. அம்மா அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தாள். அக்கா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

எங்கள் லயத்து வீடுகளில் அடுப்புக்கு மேலே மூங்கிலில் ஒரு பரண் இருக்கும். மழைக்காலத்தில் அதுதான் எங்களுக்குப் பீரோ. ஈர விறகு, தீப்பெட்டி, உப்பு ஜாடி, அப்பாவின் கம்பளித் தொப்பி, நனையக் கூடாதது எல்லாம் அங்கேதான் ஏறும். மலையில் சுவர் வியர்க்கும், துணி பூக்கும், தோல் செருப்பில் பச்சையாகப் பூஞ்சை பிடிக்கும். என் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் அம்மா தகரப் பெட்டியில் போட்டு அந்தப் பரணில்தான் வைத்திருந்தாள். கல்லூரியில் சேரப் போனபோது மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதை மூக்கருகே கொண்டுபோய், என்ன இது, கருவாட்டு மணம் அடிக்கிறதே என்று மலையாளத்தில் கேட்டார். எனக்குப் பின்னால் நின்ற பெண்ணின் சான்றிதழில் பூஞ்சை பிடித்துப் பாதி மதிப்பெண் தெரியவில்லை. என்னுடையதில் ஒரு எழுத்துகூடப் போகவில்லை.

அம்மா கேமராவை ஒரு பிளாஸ்டிக் உறையில் சுற்றி, புகை படாமல் முடிச்சுப் போட்டு, அந்தப் பரணில் வைத்திருந்தாள். பகல் முழுக்க அடுப்பு எரிந்திருக்கிறது. உறை உருகிக் கேமராவோடு ஒட்டிக்கொண்டது. லென்ஸ் உள்ளே இறுகிவிட்டது. எத்தனை முறை அழுத்தினாலும் திரை கறுப்பாகவே இருந்தது.

நான் எதுவும் சொல்வதற்கு முன் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"நீதானட்டி சொன்ன, கொழுந்து மாதிரின்னு. கொழுந்த ஈரத்துல போட்டு வச்சா அவிஞ்சு போவும்லா?"

சரிதான். பறித்த கொழுந்தை ஈரத்தோடு மூட்டையில் விட்டால் சூடேறிச் சிவந்துவிடும். ஃபாக்டரிக்குப் போனதும் முதல் வேலை அதை விரித்துப் போட்டு வாட்டுவதுதான். அம்மா என் படங்களை வாட்டப் போட்டிருக்கிறாள். கோபப்பட ஆரம்பித்தேன், எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டேன். அக்காவுக்கு அந்தக் குழப்பம் இல்லை.

"பொறந்த நாளா இது, அடுத்த வருசம் மறுபடி எடுத்துக்கிடலாம்னு விட? ஞானஸ்நானம் ரெண்டு மட்டம் குடுப்பாகளா? போய் ஃபாதர்ட்ட கேளு, படிச்சவதான நீ."

கேட்டிருந்தால் சாமியார் சிரித்திருப்பார். ஒருவருக்கு ஒரே ஒரு முறைதான், அது எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு முறையை அக்கா என் கையில் கொடுத்திருந்தாள். ஒரு போனில்கூட அதற்கு வேறு படம் கிடையாது, நான்தான் எல்லாருடைய கையையும் இறக்க வைத்தேனே.

கேமராவின் அடிப்பக்கத்தில் ஒரு சின்ன மூடி. பேட்டரியும் அட்டையும் அதற்குள்தான். பேட்டரி ஊதிப்போய் மூடியைத் திறக்க விடவில்லை. அக்கா தன் சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றி நீட்டினாள். பேட்டரியில் ஊக்கு குத்திவிடாமல் உருகிய பிளாஸ்டிக்கைச் சுரண்டிச் சுரண்டி மூடியை நெம்பினேன். அட்டை வெளியே வந்தது. நகத்தளவு கறுப்பு அட்டை. பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து எதுவும் சொல்லவும் முடியாது. அத்தான் கூப்பிட்டபோது அக்கா, மழை, நெட்வொர்க் இல்லை, நாளைக்கு அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஜீப் ஏறினேன். அக்காவும் குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு கூட வந்தாள். மழையில் குழந்தையோடு எதற்கு என்றதற்கு, நீ பார்த்துட்டு வந்து சொல்லுவ, நான் நம்பணும், அதெல்லாம் வேண்டாம் என்றாள். அட்டையை ஒரு காகிதத்தில் மடித்துப் பையில் வைத்திருந்தேன். ஜீப் குலுங்கும்போதெல்லாம் கையை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

சூரியநெல்லி கடைத்தெருவில் இருக்கும் மொபைல் கடைக்காரர் மலையாளி. எங்களோடு பேசிப் பேசி அவருடைய தமிழ் ஒரு மாதிரியாகிவிட்டது, எங்களுடையதும்தான். விஷயத்தைச் சொன்னேன். அடுப்பு என்றதும் சிரித்தார், பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். ரீடரில் அட்டையைச் செருகி என் போனில் மாட்டினார். கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. பிறகு ஒரு அறிவிப்பு வந்தது: இந்த அட்டையைப் படிக்க முடியவில்லை, ஃபார்மட் செய்தால் பயன்படுத்தலாம். கீழே ஒரு நீலப் பொத்தான்.

"அமுக்கு மோளே, சரியாகும்," என்றார். அவருடைய விரல் ஏற்கெனவே போனுக்கு மேலே வந்திருந்தது.

நான் போனை இழுத்துக்கொண்டேன். கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா, என்ன கேட்கிறது அது என்றாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெறும் அட்டையாகத் தரட்டுமா என்று கேட்கிறது என்றேன். கடைக்காரருக்கு வருத்தம். அட்டை ஏற்கெனவே போய்விட்டது, அழித்தால் என்ன, அழிக்காவிட்டால் என்ன, சூட்டில் வெந்துபோன அட்டையில் இனி என்ன இருக்கப்போகிறது என்று அக்காவைப் பார்த்துப் பேசினார். ஃபார்மட் செய்துவிட்டு, போனதை மீட்டெடுக்கிற ஏதோ ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம், கொஞ்சமாவது கிடைக்கும் என்றார். கடையில் தினமும் அதையே பார்க்கிற மனிதர், நிதானமாகச் சொன்னார். அக்கா குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டாள்.

"நீ சொல்லுட்டி. அமுக்கவா, வேண்டாமா?"

வேண்டாம் என்றேன். அவள் என்னையே பார்த்தாள். நேற்று அவள் 'படிச்சவ' என்று சொன்னது குத்தல். இன்று அதே ஆள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அதுதான் இன்னும் கனமாக இருந்தது. ரிசார்ட்டில் ஒரு முறை விருந்தாளி ஒருவருடைய பெரிய அட்டையை ஒரு போன் ஏற்காமல், அலுவலகக் கணினி ஏற்றதைப் பார்த்திருக்கிறேன். அட்டை கெட்டுப்போகவில்லை, போனுக்கு அந்த அட்டையின் அமைப்பு தெரியவில்லை, அவ்வளவுதான். இதுவும் அதுவாக இருக்கலாம். இருக்கலாம் என்பதற்கு மேல் எனக்கும் தெரியாது. கடைக்காரரிடம், உங்கள் கணினியில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள், எதையும் அழுத்தாமல் பாருங்கள் என்றேன்.

அவர் போட்டார். ஒரு பெட்டி திறந்தது. அதற்குள் வரிசையாகக் கோப்புகள். ஆனால் எதிலும் படம் தெரியவில்லை, எல்லாம் ஒரே சாம்பல் நிறக் காகிதச் சின்னம். அவர் ஒன்றைத் தட்டிப் பார்த்தார், திறக்கவில்லை. இன்னொன்றைத் தட்டினார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"கண்டோ? பேர் மாத்திரம் இருக்கு. படம் போயி."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். நான் திரையின் வலது ஓரத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு பெயருக்கும் நேராக அதன் அளவு இருந்தது. ஒவ்வொன்றும் சாதாரணப் படத்தைப் போலப் பல மடங்கு. ஒன்றுகூடப் பூஜ்யம் இல்லை. ஒன்றுக்கொன்று சின்னச் சின்ன வித்தியாசம்.

அக்காவின் காதருகே குனிந்து சொன்னேன். வெறும் சாக்கைத் தராசில் தூக்கி வைத்தால் முள் இவ்வளவு நகருமா? அவளும் மூன்று வருடம் கொழுந்து பறித்து எடைக்கு நின்றவள். கண்ணைத் திறந்து, தனக்குப் படிக்கத் தெரியாத அந்த ஆங்கில எழுத்துகளை விட்டு எண்களை மட்டும் பார்த்தாள்.

"கனம் இருக்கு," என்றாள்.

"இருக்கு. இவங்க கணினிக்குத் திறக்கத் தெரியல. அவ்வளவுதான்."

ஆனால் எல்லாவற்றையும் என் போனுக்கு மாற்றப் போனால் இடம் இல்லை. ரா படங்கள் கொழுந்து மாதிரிதான், இடத்தை அடைக்கும். நின்ற இடத்திலேயே என் போனைத் துடைக்க ஆரம்பித்தேன். கல்லூரி விடுதி வீடியோக்கள் போயின, பாட்டுகள் போயின, ரிசார்ட்டில் மூடுபனியைப் படம் எடுத்து எடுத்துச் சேர்த்தவை போயின. அழிக்கும்போது அக்கா ஒவ்வொன்றையும் பார்த்து, இது யாருட்டி, இது எப்ப என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கேபிள் மாட்டினோம். பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்தது. கடைக்காரர் எங்களுக்குப் பக்கத்துக் கடையிலிருந்து பால் விடாத கட்டஞ்சாயா வரவழைத்தார். குழந்தை முழித்து அழுதது, அக்கா கடைக்குள்ளேயே ஒரு மூலையில் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள்.

எல்லாம் வந்து சேர்ந்ததும் செயலியைத் திறந்து, நடுவிலிருந்து ஒரு கோப்பைத் தட்டினேன். முதலில் சாம்பல். பிறகு கலங்கலாக ஒரு இருட்டு. பிறகு கலங்கல் இறுகி, ஜன்னலின் விளிம்பு கூர்மையானது. ஜன்னலில் வெள்ளை. அதற்கு முன்னால் கறுப்பாக நாலைந்து உருவங்கள், யார் என்று தெரியாது.

"கரியால்ல இருக்கு," என்றாள் அக்கா.

இரு என்றேன். நிழல் என்கிற கோட்டில் விரலை வைத்து வலது பக்கம் இழுத்தேன். சாமியாரின் கை முதலில் வந்தது, பிறகு அவர் கையிலிருந்த கிண்ணம். அக்காவின் நெற்றி, முக்காட்டின் ஜரிகை, அவளுக்குப் பின்னால் அம்மாவின் கண்கள். ஜன்னலின் வெளிச்சத்தைக் குறைத்ததும் குழந்தையின் உடுப்பில் நான் அன்றைக்குக் கவனிக்காத தையல் பூக்கள் தெரிந்தன. கடைசியாகக் குழந்தையின் முகம். தண்ணீர் விழுந்த அந்த நொடி. வாயைத் திறந்து, கண்ணை இறுக்கி, இரண்டு கைகளையும் விரித்து, உலகத்தோடு சண்டைக்கு நிற்கிற முகம். நெற்றியில் ஒரு துளி, அதில் ஜன்னல்.

அக்கா என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவள் அப்படிச் சாய்ந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று தெரியவில்லை. நான் கடையின் கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். கடைக்காரர் எட்டிப் பார்த்து, பிரமாதம் என்பதற்குத் தன் மொழியில் அடிபொளி என்றார். அழுத்தச் சொன்னதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

கடைத்தெருவில் நெட்வொர்க் நன்றாக இருந்தது. அந்த ஒரு படத்தை மட்டும் அத்தானுக்கு அனுப்பினோம். நிறத்தைத் தொடவில்லை. இருந்ததை இருந்தபடி வெளியே எடுத்ததோடு சரி. பார்த்துவிட்டார் என்பதற்கான இரண்டு கோடுகளும் நீலமாயின. பதில் வரவில்லை. கட்டஞ்சாயா ஆறிப்போனது. பிறகு ஒரு குரல் பதிவு வந்தது. பின்னணியில் பாத்திரங்கள் உருளும் சத்தம்.

"ஏய், பாப்பா என் கலருட்டி. வீடியோல பாத்துட்டு உன் கலர்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்."

அதற்குப் பிறகு பேச்சு இல்லை, பாத்திரச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது. போனை அணைக்க மறந்திருப்பார். அக்கா அந்தச் சத்தத்தையும் கடைசி வரை கேட்டாள். பிறகு இன்னொரு தடவை போடு என்றாள்.

அம்மாவுக்கு அங்கிருந்தே போன் செய்தேன். தேயிலைக் காட்டில் இருக்கும்போது எடுக்க மாட்டாள், அன்று முதல் மணியிலேயே எடுத்தாள். கூடவே மற்றப் பெண்களின் பேச்சும் கேட்டது, எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறாள் போல.

"படம் எல்லாம் இருக்கும்மா. ஒண்ணுகூடப் போகல."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. பிறகு, யாரிடமோ, இருக்காம், இருக்காம் என்று சொல்லும் குரல். நேற்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. இனிச் சாப்பிடுவாள் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. கேமரா என்னவாயிற்று என்று கேட்டாள். அது இனி எழுந்திருக்காது, பரவாயில்லை, வேறு வாங்கிக்கொள்கிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அந்த நேரத்தில் கேமரா எனக்கு ஒரு காலி டப்பா மாதிரிதான் பட்டது.

அம்மாவின் குரல் மாறியது. கொழுந்து எடை போடும்போது தன் சாக்கைக் குறைத்து எழுதுகிறார்கள் என்று சண்டைக்கு நிற்கும்போது வருகிற குரல்.

"பாத்தியா? பரண்ல வச்சதாலதான் கார்டுக்கு ஒண்ணும் ஆகல. கீழ வச்சிருந்தா பூத்துல்லா போயிருக்கும்."

நான் வாயைத் திறந்தேன். அட்டைக்குப் பூஞ்சை பிடிக்காது என்று சொல்லலாம், சூடு என்ன செய்திருக்கும் என்று விளக்கலாம். தகரப் பெட்டிக்குள் கிடந்த என் சான்றிதழ் நினைவுக்கு வந்தது.

"ஆமாம்மா," என்றேன்.

அக்கா பக்கத்திலிருந்து, என்ன சொல்லுதாக என்று கேட்டாள். சொன்னதும் அவளுக்கு வந்த சிரிப்பில் குழந்தை மடியில் குலுங்கியது. ஜீப்புக்காரர் ஹாரன் அடித்தார். மீதிப் படங்களைப் போகும் வழியிலேயே பார்க்க வேண்டும் என்று அக்கா ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக்கொடுத்து நடுவில் உட்கார்ந்தாள். வெளியே மழை விட்டிருந்தது. குழந்தையின் நெற்றியில் விழுந்த அடுத்த துளி இருந்த படத்தைத் திறந்து, நிழலை மெதுவாக வலது பக்கம் இழுத்தேன்.